கொண்டிஸ் போட்ட கிணறு ஏன் மண்ணிறமாச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்,

மழை முடிஞ்ச கையோட எங்கட உப்புவெளிப் பக்கம் கிணத்துக்குள்ள தண்ணி சுத்தமாகக் கொண்டிஸ் போடுறது வழக்கம், இந்த முறை அம்மா போட்டவ, பின்னேரம் நல்ல கத்தரிப்பூ நிறத்தில இருந்த தண்ணி விடியப் பார்த்தா தேத்தண்ணிச் சாயம் மாதிரி, பக்கத்து வீட்டு அக்கா யாரோ நஞ்சு கலந்திட்டாங்களோ எண்டு பயந்திட்டா.

பயப்பிட ஒண்டுமில்ல. கொண்டிஸ் எண்டுறது பொற்றாசியம் பரமங்கனேற்று, வலுவான ஒட்சியேற்றி, அதாவது மற்றப் பொருளிட்ட இருந்து இலத்திரனைப் பறிக்கிற சாமான். தண்ணியில கிடக்கிற அழுக்கு, இரும்பு எல்லாத்தையும் ஒட்சியேற்றி, தான் 3 இலத்திரன் வாங்கி மங்கனீசீரொட்சைட்டா அடியில படியும், அதுதான் அந்த மண்ணிறம். ஐதான சல்பூரிக் அமிலத்தில எண்டா 5 இலத்திரன் வாங்கி நிறமே இல்லாமப் போயிடும். உயர்தரத்தில நியமிப்பு, அதாவது துளித்துளியா ஊத்திச் செறிவு கண்டுபிடிக்கிற செய்முறை, செய்த பிள்ளையளுக்குத் தெரியும் (சல்பூரிக்குக்குப் பதிலா ஐதரோகுளோரிக் அமிலம் ஊத்தி குளோரீன் மணத்தோட ஏச்சு வாங்கினவன் நான்). வலுவான காரத்தில 1 இலத்திரன்தான், பச்சையா மாறும்.

ஒண்டு மட்டும், கிளிசரின் போத்தலுக்குப் பக்கத்தில இதை வைக்காதேங்கோ. ரெண்டும் சேர்ந்தா கொஞ்ச நேரத்தில தீப்பெட்டி இல்லாமலே பத்தும்.

ஒரு வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை