மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு: சக்கர நாற்காலியோடு வேட்புமனுவும் கொடுங்கள்

மதிப்புக்குரிய தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், தேர்தலுக்கு ஆள் நிறுத்தும் கட்சிச் செயலாளர்களுக்கும்,

வணக்கம். மத்திய மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2013இல். அடுத்த தேர்தலை எப்போது அறிவித்தாலும், நீங்கள் வேட்பாளர் பட்டியலை எழுத உட்காருவதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பட்டியலில், வெல்லக்கூடிய இடத்தில், மாற்றுத்திறனாளி ஒருவரையாவது நிறுத்துங்கள்.

அமெரிக்காவின் டாமி டக்வொர்த் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈராக் போரில் ஹெலிகொப்டர் ஓட்டியவர். 2004 நவம்பரில் ஒரு ரொக்கெட் குண்டு அவருடைய ஹெலிகொப்டரைத் தாக்கியது. இரண்டு கால்களும் போயின, வலது கை பலமாகச் சிதைந்தது. இன்று அவர் செனட்டர். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய மனத்துணிச்சலைப் பற்றித்தான் நிறையச் சொல்வார்கள். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்தவைதான்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இலினோய் மாநிலத்து செனட்டர் ஒருவர் அவரைத் தேடிப் பிடித்தார், அரசியலுக்கு வரச் சொன்னார். 2006இல் கட்சி அவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தியது. ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் தோற்றார். தோற்ற கையோடு வீட்டுக்கு அனுப்பி விடவில்லை. அதே ஆண்டில் மாநிலத்தின் முன்னாள் படைவீரர் நலத் திணைக்களத்துக்குத் தலைவராக நியமித்தார்கள். 2009இல் மத்திய அரசில் உதவிச் செயலாளர் பதவி. 2012இல் மக்கள் பிரதிநிதிகள் சபை, 2016இல் செனட். 2018இல் பதவியில் இருக்கும்போதே அவருக்குக் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு வாக்களிக்க வர முடியாது என்றிருந்த விதியை செனட் சபை அவருக்காக மாற்றிக்கொண்டது.

அவருக்கு முன்னால் மாக்ஸ் கிளேலண்ட். 1968இல் வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். இரண்டே வருடத்தில் ஜோர்ஜியா மாநில செனட்டுக்குத் தெரிவானார். பிற்பாடு முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்கே தலைவரானார். இவர்கள் இருவருக்கும் யாரோ ஒருவர் சீட்டுக் கொடுத்தார், யாரோ ஒருவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துப் போடும் இடத்தில் மலையகத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

‘யுத்தம் வடக்கில் நடந்தது, நமக்கென்ன’ என்று யாராவது கேட்கலாம். 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின என்பது உங்கள் சங்கத்துப் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் படித்த ஒருவரின் குடும்பமும் அப்படிப் போனதுதான். அங்கே விறகு பொறுக்கப் போன இடத்தில் கண்ணிவெடியில் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யுத்தம் முடிந்ததும் பாட்டியின் லயத்துக்கே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கே, திரும்பி வந்து, தோட்டப் பாடசாலையில் என்னிடம் சேர்ந்தார். இப்போது வளர்ந்து பெரியவராகிவிட்டார்.

அவருடைய லயத்து அறைக்கு, காம்பராவுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். வாசல் திண்ணையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்தவர், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் வராத ஓய்வுபெற்ற அம்மா, கிராம சேவகரிடம் கொடுக்கச் சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று நிற்கும் பையன். இவர் பிளாஸ்டிக் காலைக் கழற்றி சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, மடியில் ஒரு பலகையைப் போட்டு எழுதிக்கொண்டே இருப்பார். காசு வாங்குவதில்லை. ஒரு பிரதேச சபை உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை, உறுப்பினர் என்ற பெயர் இல்லாமல் இந்த மனிதர் செய்துகொண்டிருக்கிறார்.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது ஒரு கட்சி அலுவலகத்துக்குப் போய் சீட்டுக் கேட்டார். அலுவலகம் இருந்தது கடைக்கு மேலே மாடியில். கைப்பிடி இல்லாத படியில் ஒவ்வொன்றாக ஏறிப் போனவரிடம், “தம்பி, மேட்டு லயத்துக்கெல்லாம் ஏறி ஓட்டுக் கேக்க ஒன்னால ஏலுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தினமும் ஏறி இறங்குவது அந்த மேட்டு லயத்துப் படிகளில்தான். சில மாதம் கழித்து ஒரு விழாவில் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, சக்கர நாற்காலி ஒன்று கொடுத்துப் படம் எடுத்தார்கள். லயத்துக்குப் போகும் பாதை முழுக்கக் கருங்கல் படி. அந்த நாற்காலி மடித்தபடியே கிடக்கிறது.

தலைவர்களே, இதில் உங்கள் சங்க அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்குத்தான் சம்பளம், அந்தச் சம்பளத்தில் வெட்டுவதுதான் சந்தா. ஃபெக்டரி ரோலரில் கை போனவரும், மலைச் சரிவில் கொழுந்துக் கூடையோடு விழுந்து இடுப்பு உடைந்தவரும் கொஞ்ச நாளில் செக்ரோலை விட்டே போய்விடுகிறார்கள். சந்தாவும் நிற்கிறது. தோட்டக் கமிட்டிக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் வேட்பாளர்கள் வருவதே அந்தக் கமிட்டியில் இருந்துதான். அப்புறம் எப்படி அவர்கள் பெயர் பட்டியலுக்கு வரும்? சந்தா இல்லாமலே அவர்கள் உறுப்பினராகத் தொடர உங்கள் சங்க யாப்பில் ஒரு திருத்தம் போதும்.

அரச உத்தியோகத்தில் நூற்றுக்கு மூன்று இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. 1996இல் அவர்களுடைய உரிமைக்கென்று 28ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சுற்றறிக்கை பற்றிச் சொல்லியிருக்கிறோம்? ஆசிரியர்களான எங்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு, ஆனால் பிரதேச செயலகத்திலும் மாகாணத்திலும் மேசையைத் தட்டிக் கேட்கும் பலம் உங்களிடம் இருக்கிறது.

உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்று சட்டம் வந்த பிறகுதான் பல கட்சிகள் 2018இல் பெண்களைத் தேடின. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2024இல் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த டி சில்வா, தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றத்துக்குப் போனார். எந்த ஒதுக்கீட்டுச் சட்டமும் அவரை அனுப்பவில்லை, ஒரு கட்சி தீர்மானித்து அனுப்பியது.

அடுத்த மத்திய குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுங்கள். பட்டியலில் ஓர் இடம், தோற்றால் சங்கத்துக்குள் சம்பளத்தோடு ஒரு பொறுப்பு, யாப்புத் திருத்தம். இந்த மூன்றையும் பேசும் நாளில் மாற்றுத்திறனாளிகளையும் அழைத்து உட்கார வையுங்கள். கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்