பெட் சவுண்ட்ஸ்: மோனோவில்தான் கேட்கணும்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. அமெரிக்க இசைக்குழு பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம், பழைய தட்டு வாங்கியாயிற்று, ஆனால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்கிறாய். ஊசியைக் குறை சொல்லாதே. உறையில் 2458 என்ற எண்ணுக்கு முன்னால் எத்தனை எழுத்து என்று பார். ஒற்றை எழுத்து என்றால் மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே சேனலில். இரண்டு என்றால் தட்டை வெளியிட்ட கேபிடல் கம்பெனியின் 'டூவோஃபோனிக்', அதாவது போலி ஸ்டீரியோ. மோனோ டேப்பையே இரண்டு சேனலாக்கி, ஒன்றில் கீச்சொலியையும் மற்றதில் பேஸையும் தூக்கி, இம்மி நேரம் முன்பின் தள்ளிவிட்டிருப்பார்கள். இதை மோனோவாகக் கலந்தாலும் தேறாது. முன்பின் விழும் அலைகள் சில சுருதிகளில் ஒன்றையொன்று தின்றுவிடும்.

1966 மே மாதம் ஆல்பம் வந்தபோது, அதைத் தயாரித்த குழுத் தலைவர் பிரையன் வில்சன் செய்தது மோனோ கலவை (மிக்ஸ்) மட்டும்தான். அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ் போன்ற ஸ்டூடியோக்களில் டிரம்ஸ் ஹால் பிளேன், பேஸ் கிட்டார் கரோல் கே கோஷ்டி வாசித்ததை நான்கு தட டேப்பில், அதாவது நான்கு பதிவுகளைத் தனித்தனியே வைக்கும் டேப்பில், பதிவார். பிறகு அத்தனையையும் வேறொரு டேப்பின் ஒரே தடத்துக்கு இறக்கி, அதன் மிச்சத் தடங்களில் குரல்கள். கொலம்பியா ஸ்டூடியோவில் எட்டுத் தடம் கிடைத்ததால் குரலுக்கு ஏழு மிஞ்சியது. இதில் ஒரு வில்லங்கம்: இறக்கிய பிறகு அக்கார்டியன் தூக்கல் என்று தோன்றினாலும் அதை மட்டும் குறைக்க வழியில்லை. அதனால்தான் வாத்தியக்காரர்களை அறையிலேயே சரியான அளவில் வாசிக்க வைக்க அத்தனை டேக்.

இதே ஆல்பத்தின் 1997 பெட்டித் தொகுப்பில் உள்ள ஸ்டீரியோ, அந்த மூல வாத்திய டேப்பையும் குரல் டேப்பையும் பொருத்திச் செய்தது. வாத்தியங்களைப் பிரித்துக் கேட்க அது நல்லது. ஆனால் 'வுடின்ட் இட் பி நைஸ்' பாட்டின் நடுப்பகுதியில் குழுவின் இன்னொரு பாடகர் மைக் லவ் குரல் இருக்காது. அந்த டேப் கிடைக்காததால் பிரையன் குரலைப் போட்டார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

உன் தட்டு நிஜ மோனோ என்றால், ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் இரண்டு ஒய் கேபிள்: டர்ன்டேபிளின் இடது, வலது இரண்டையும் ஒன்றில் சேர், அதன் மறுமுனையை இன்னொன்றால் பிரித்து ஃபோனோ உள்ளீட்டில் செருகு. ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்குப் பின்னால் இப்படிச் சேர்க்காதே, இரண்டு வெளியீடும் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்பீக்கர் ஒயரில் செய்தாலோ ஆம்ப் போய்விடும். சரியாகச் சேர்ந்தால் ஒலி இரு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்கும், தூசியால் வரும் படபடச் சத்தமும் குறையும். பள்ளத்தின் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் கழிந்துவிடுவதே காரணம்.

அப்படிக் கேட்கும்போது 'ஹியர் டுடே' பாட்டின் இடையிசையில் காதை வை, பின்னால் யாரோ பேசுவது கேட்கும். தட்டின் கோளாறு என்று நினைக்காதே. 'கரோலைன், நோ' உன் கிட்டாரோடு சேராவிட்டால் டர்ன்டேபிள் வேகத்தையும் திருகாதே, டேப்பையே அரை சுரம் ஏற்றித்தான் வெளியிட்டார்கள்.

எண்ணைப் பார்த்துவிட்டு உடனே எழுது.

அன்புடன்,
முரளி