ஆசாரியனின் காளை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் மூட்டுவலி பழையபடியேதான் இருக்கிறது.

உங்கள் சபையில் வரவுசெலவுக் கணக்குக் கேட்டவர்களை, அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக் கூடாது என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தைக் காட்டி வாயடைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 105ஆம் சங்கீதத்தின் அந்த வரி, பிழைப்புக்காக ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாம் குடும்பத்தை ராஜாக்களிடமிருந்து காத்ததைச் சொல்கிறது. வரவுசெலவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அபிஷேகம் பெற்றவன், அதாவது பலி செலுத்தும் ஆசாரியன், தவறினால் என்ன செய்வது என்பது பைபிளின் சட்டப் புத்தகமான லேவியராகமம் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே முதல் ஆளே அவன்தான். அறியாமல் செய்த பிழைக்கே ஒரு காளையைப் பலியாகக் கொண்டுவர வேண்டும்; இஸ்ரவேலர் சபை முழுவதும் சேர்ந்து தவறினாலும் அதே காளைதான். தலைவனுக்கு வெள்ளாட்டுக் கடா, சாதாரண ஆளுக்குப் பெண் ஆடு போதும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காளை போய்ச் சேரும் இடம். சாதாரண ஆள் கொண்டுவரும் பாவநிவாரண பலியின் இறைச்சி ஆசாரியனுக்குச் சேரும். அவனுடைய சொந்தப் பலியிலோ ஒரு துண்டுகூடக் கிடையாது. தோல், தலை, கால், குடல், சாணி வரை அத்தனையையும் பாளயத்துக்கு, அதாவது மக்கள் தங்கிய முகாமுக்கு வெளியே, சாம்பல் கொட்டும் இடத்தில் விறகடுக்கி எரித்துவிட வேண்டும். தன் பாவத்தில் தானே விருந்து சாப்பிட வழியில்லை, பார்த்தாயா!

வேண்டுமென்றே செய்தால் பலியே கிடையாது. அவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான் என்கிறது அடுத்த புத்தகமான எண்ணாகமம் 15. யார் அறுப்பது என்பதில்தான் சிக்கல். சீலோ என்ற ஊரின் ஆலயத்தில் ஆசாரியர்களாக இருந்த ஏலியின் மகன்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள முள்ளோடு வந்து, இறைச்சி வேகும் பானையில் குத்தி, அகப்பட்டதை எல்லாம் எடுத்துப் போவான். கொழுப்பை எரிக்கும் முன்பே பச்சை இறைச்சி கேட்பான், மறுத்தால் பலவந்தம். ஆசாரியனான தகப்பன் கண்டித்ததோடு சரி. விசாரணையும் இல்லை, பதவி நீக்கமும் இல்லை. பெலிஸ்தரோடு நடந்த போரில் இருவரும் ஒரே நாளில் செத்தார்கள்.

சாலொமோன் ராஜா ஆசாரியன் அபியத்தாரை ஆனதோத்து என்ற ஊருக்கு விரட்டவில்லையா என்று கேட்பாய். அது அரியணைக்குப் போட்டியிட்ட அதோனியாவின் பக்கம் நின்றதற்காக, சுத்தமான அரசியல். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாதான் விஷயத்தை உடைத்துச் சொல்கிறது: பிரதான ஆசாரியன் தீர்ப்பு வழங்கலாம், அவன்மீதும் வழக்கு நடத்தலாம். அரசனை மட்டும் விட்டுவைத்தார்கள், அது வேறு கதை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் லேவியராகமம் 4ஐ எழுந்து நின்று வாசி. என்ன நடந்தது என்று உடனே எழுது.

உன்
பழைய தோழன்