நலச்சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் பதினான்கு உறுப்பினர்களுக்கும், வராத ஐம்பது பேருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். நீல டிக் விழுந்தால் படித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரு நாளும் கொடியேற்றி மிட்டாய் வழங்கப்பட்டது. பொங்கல் கோலப்போட்டி நடந்தது. மூன்றாவது தெருவில் இரண்டு விளக்குகள் நான்கு மனுக்களுக்குப் பிறகு எரிகின்றன. தெருநாய் தடுப்பூசி முகாம் ஒன்று.

இனி தண்ணீர்.

பழைய போர்வெல் வற்றியதால் புதிய போர் போடுவதென்று சென்ற பொதுக்குழுவில் பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் எதிர்த்தார் என்பதும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. நீரோட்டம் பார்ப்பவர் வந்து வடகிழக்கு மூலையைக் காட்டினார். அவர் கையில் தேங்காய் நிமிர்ந்து நின்றதை நானும் பார்த்தேன்.

காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. முதல் 8 அடி செம்மண். அடுத்து 35 அடி வரை, போர்க்காரர்கள் சுக்காம்பாறை என்று சொல்லும் மக்கிய கல். விரலில் நசுக்கினால் மஞ்சள் மாவாகும். அதில் ஈரம் இருந்தது. அதைக் கேசிங் குழாய் இறக்கி அடைத்துவிட்டுக் கீழே போனார்கள். அப்புறம் 480 அடி வரை கருங்கல், கருங்கல், கருங்கல்தான். தண்ணீருக்குப் பதில் சாம்பல் தூசி பறந்து எதிர்வீட்டுத் துணிக்கொடியெல்லாம் வெளுத்தது. அந்த அம்மாவிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டவனும் அடியேனே. பத்தடிக்கு ஒரு சிட்டிகை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடுக்கடுக்காக நிரப்பி வைத்திருக்கிறேன். இதோ மேஜைமேல் இருக்கிறது. பார்த்துவிட்டுக் குலுக்காமல் திருப்பி வைக்கவும்.

அந்தப் பாட்டிலில் பெரும்பகுதி இருப்பது சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை. நம் பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் இந்தக் கல்தான். பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்கத்தாவில் இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல் நம் பக்கத்திலிருந்து போனது. 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்குள் இருந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் அவருடையது.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான உருமாறிய பாறை இது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகே வெளியே தலைகாட்டியது. ஆற்று மணலில் மணிக்கு மணி இடைவெளி உண்டு, அங்கே தண்ணீர் தங்கும். இதில் மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். ஆழம் போகப் போக, மேலுள்ள பாரத்தில் வெடிப்புகள் இறுகிக் குறைந்துவிடுகின்றன. ஆகவே 300 அடியில் கிடைக்காதது 480-இல் கிடைக்கும் என்பது லாட்டரிச் சீட்டு. நம்பாதவர்கள் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளை நினைத்துப் பார்க்கலாம். 2017 வறட்சியில் அங்கே தேங்கிய மழைநீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். பாறை குடித்திருந்தால் அது அங்கே நின்றிருக்குமா?

நமக்குத் தண்ணீர் இருப்பது மேலே 35 அடிக்குள், அந்த மக்கிய கல்லில். பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழைநீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாக மாற, கல் பொலபொலவென்று உதிர்ந்து பஞ்சுபோல் ஆகிறது. சங்கக் கட்டடத்தின் பின்னால் குப்பைத்தொட்டியாக இருந்த பழைய கிணற்றின் ஆழம் 32 அடி. வெட்டியவர்கள் கருங்கல் தட்டியதும் நிறுத்தியிருக்கிறார்கள். படித்த பெரும்பான்மை யாரும் அவர்களோடு இல்லை போலும்.

போர் பொய்த்த பிறகு அந்தக் கிணற்றைத் தூர்வாரினேன். “செயற்குழு ஒப்புதல் இல்லாமல்” என்று ஒரு உறுப்பினர் குரூப்பில் எழுதினார். மூன்று முறை கூட்டியும் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேராத செயற்குழு எப்படி ஒப்புதல் தரும்? எட்டு டிராக்டர் குப்பை வெளியேறியது. சங்கக் கட்டடம், பக்கத்து நான்கு வீடுகள் ஆகியவற்றின் மொட்டைமாடி நீரைக் கிணற்றுக்குத் திருப்பினோம். இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது 1,30,000 லிட்டர், அதாவது பத்து லாரிக்கு மேல்.

தவறும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. வடிகட்டித் தொட்டியில் அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் போட வேண்டும். கொத்தனார் தலைகீழாகப் போட்டுவிட்டார். அன்று நான் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று கல்லுக்கடியில் மணல் அடைத்துக்கொண்டு, தொட்டி பொங்கி, சேறும் பேப்பர் கப்புமாகக் கிணற்றுக்குள் இறங்கியது. பத்து நாள் நாற்றம். தொட்டியைக் கலைத்து மறுபடி போட்டோம். முடிச்சுக் கயிறு விட்டு அளந்ததில் மார்ச் கடைசியிலும் 9 அடி தண்ணீர் நின்றது. ஒரு வருஷத்தை வைத்து வெற்றி என்று நான் சொல்லவில்லை. போரில் நிற்பது எத்தனை அடி என்று மட்டும் கேட்கிறேன்.

2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லோரும் பைப் வைத்தோம். இன்று அவற்றில் எத்தனை குழிக்குப் போகின்றன, எத்தனை தெருவுக்குப் போகின்றன என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். எண்ணிக்கையைச் சபையில் சொல்ல வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் கண்ணால் காட்டலாமென்று மூன்று ஞாயிறு மலைப்பக்கம் அழைத்துப் போனேன். முதல் வாரம் ஒன்பது பேர், அடுத்து நான்கு, மூன்றாம் வாரம் பொருளாளரின் பேரன் மட்டும். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று நம் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்றதும் பையன் தரையைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. அந்தக் கோடரி குவார்ட்சைட் என்ற வேறு கல், நம் கருங்கல் அல்ல. விளிம்பு கூராக உடையும் கல் எதுவென்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. “மலை பூரா கல்லுன்னா மரம் எப்படித் தாத்தா வளருது?” என்று கேட்டான். வேர் போயிருந்த வெடிப்பைக் காட்டினேன். உள்ளே விரலை விட்டு, “ஈரமா இருக்கு” என்றான். தேநீர், பிஸ்கட் செலவு 540 ரூபாய். இதைக் கேள்வி கேட்ட உறுப்பினர் நடைக்கும் வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை.

சந்தா பத்தொன்பது வீடுகளில் பாக்கி. பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்குத் தயாராக இருந்தது, இரக்கப்பட்டு நிறுத்தியிருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் பிறகு வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், கையிருப்பு உண்டு, சென்ற ஆண்டைவிடக் குறைவு. குறைந்ததற்குக் காரணம் போர், கிணறு அல்ல.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், காவலாளி, ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கிணற்றுக்கு மேல்சுற்றில் இரண்டு உறை மாற்ற வேண்டும், இன்னும் பன்னிரண்டு வீட்டுப் பைப்பை இணைக்க வேண்டும். முழங்கால் வலி காரணமாக நான் தொடர விரும்பவில்லை. வேறு யாரும் முன்வராவிட்டால், பத்தொன்பது வீடுகளும் பாக்கியைக் கட்டும் பட்சத்தில், சபையின் விருப்பத்தைப் பரிசீலிப்பேன். கிணற்று மூடியின் சாவி என்னிடம் உள்ளது. பொறுப்பேற்பவரிடம் பாட்டிலோடு சேர்த்து ஒப்படைக்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்