அவசர வயிற்று அறுவைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

குடல்வால் வெடித்தோ, இரைப்பைப் புண் ஓட்டையாகியோ, பித்தப்பை சீழ் பிடித்தோ நடுராத்திரியில் வந்து சேர்கிறவர், மூன்று நான்கு சின்னத் தையலோடு எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும்போது, ‘டாக்டர் கைராசிக்காரர்’ என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி கைராசியில் நடக்கிற காரியமில்லை. கேமரா வயிற்றுக்குள் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அதை முடித்து வைப்பவர்களின் பெயர் டிஸ்சார்ஜ் சீட்டில் வருவதில்லை. இந்த மடல் அவர்களுக்கு. வெறும் நன்றி என்று நிறுத்தாமல், நீங்கள் செய்தது ஏன் பலித்தது என்பதையும் எழுதுகிறோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் அது உதவும்.

முதலில் மலைமேல் இருக்கும் செவிலியர்களுக்கு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வர 20 கொண்டை ஊசி வளைவுகள். குடல் அடைத்து வயிறு உப்பிக் கிடப்பவரை அப்படியே வண்டியில் ஏற்றினால், வளைவில் திரும்பும்போது வரும் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் குடலைச் சரிசெய்தாலும் ஆள் வென்டிலேட்டரில் கிடப்பார். நீங்கள் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு, இரைப்பையை உறிஞ்சிக் காலி செய்து, டியூபின் நுனியை மூடாமல் பையில் விட்டு அனுப்புகிறீர்கள். இரண்டு கையிலும் பச்சை நிற 18 கேஜ் ஊசி, ஓடுகிற சலைன், சிறுநீர் டியூப், முதல் டோஸ் ஆன்டிபயாடிக், அது எத்தனை மணிக்குப் போட்டது என்ற குறிப்பு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்ற விவரம் எல்லாம் கூடவே வருகின்றன. இங்கே வந்த பிறகு இதையெல்லாம் தொடங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொன்று. வலிக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்தை விட்டுவிட்டீர்கள். அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. வலி ஊசியால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை. வலியில் வயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பவரைவிட, கொஞ்சம் தளர்ந்திருப்பவரைத் தொட்டுப் பார்ப்பதுதான் எளிது. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு நீவக் கிளம்பிய பாட்டிமார்களைத் தடுத்து நிறுத்தி ஆம்புலன்சில் ஏற்றிய பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்த நன்றியில் சேர்த்தி.

எக்ஸ்ரே அறைத் தொழில்நுட்பருக்கு: ஓட்டை விழுந்த குடலிலிருந்து வெளியேறும் காற்று, ஆள் படுத்திருந்தால் வயிறு முழுக்கப் பரவி நிற்கும். படத்தில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு நெஞ்சுப் படம் எடுத்தால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே பிறை போலக் கறுப்பாய்க் காற்று தெரியும். வலியில் முனகுகிறவரைப் பத்து நிமிடம் தாங்கிப் பிடித்து உட்கார வைப்பது லேசான வேலையா?

அடுத்து, கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவி ஒவ்வொன்றும் நீளக் குழாய். உள்ளே ஒரு கம்பி, நடுவில் ரத்தம் தங்குகிற சந்து. பூட்டிய நிலையில் கழுவினால் வெளியே பளபளக்கும், உள்ளே ரத்தம் காய்ந்திருக்கும். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவிகூட முழுதாகத் தொடாது. நீங்கள் பிடி, உறை, உள்கம்பி என்று மூன்றாய்ப் பிரித்து, என்சைம் கரைசலில் ஊறவைத்து, நீளத் தூரிகையால் உள்ளே தேய்த்து, சிரிஞ்சால் பீய்ச்சி, உலர்த்தி, 134 டிகிரி நீராவியில் அழுத்தி ஆட்டோகிளேவ் செய்கிறீர்கள். அவசரத்துக்கு 20 நிமிடம் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் முக்கி எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம், முடியாது என்கிறீர்கள். இரண்டு சதவீதக் கரைசல் 20 நிமிடத்தில் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். சில கிருமிகள் கெட்டி உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வித்துகளைக் கொல்ல எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். அதிலிருந்து எடுத்த கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசினால், அந்தத் தண்ணீரில் வாழும் காசநோய்க் குடும்பக் கிருமிகள் ஏறிக்கொள்ளும். அவை உடனே வேலையைக் காட்டாது. தையல் ஆறி, ஆள் வேலைக்குப் போன மூன்று நான்கு வாரத்தில், துளை போட்ட இடத்தில் கட்டி கிளம்பும். சாதாரண ஆன்டிபயாடிக் எதற்கும் அசையாது. மாதக் கணக்கில் தனி மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். உங்கள் ‘முடியாது’ என்ற ஒரு சொல்லால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று கணக்குப் போடக்கூட வழியில்லை.

கருவியின் கறுப்பு உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் சொல்லியாக வேண்டும். மயிரிழை வெடிப்பு இருந்தாலும், சுட்டு வெட்டுவதற்காகக் கருவியில் விடும் கரன்ட் நுனிக்குப் போகாமல் வழியிலேயே கசிந்து, கேமராவின் கண்ணுக்கு எட்டாத குடலைச் சுட்டுவிடும். அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் வயிறு உப்பலுமாக வந்து நிற்பார்.

சிலிண்டர் பார்க்கும் அண்ணன்மார்களுக்கு. வயிற்றை உப்ப வைப்பது கார்பன் டை ஆக்சைடு. தீப்பிடிக்காது, ரத்தத்தில் சுலபமாகக் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும் என்பதால்தான் அது. சாம்பல் நிறச் சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. அதனால் கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நிற்கும். தீர்ந்ததும் மளமளவென்று விழும். முள்ளை நம்பி உட்கார்ந்தால், பித்தப்பையின் ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும் நேரத்தில் வயிறு சுருங்கி, திரை இருண்டுவிடும். நீங்கள் முள்ளை நம்புவதில்லை. எடை போட்டுப் பார்க்கிறீர்கள். நிறைந்த இன்னொரு சிலிண்டரைச் சாவியோடு பக்கத்திலேயே, படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சங்கிலி போட்டு வைக்கிறீர்கள். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் லேப்ராஸ்கோப்பி வழியாக முதன்முதலில் குடல்வாலை எடுத்த கர்ட் செம், வாயுவைத் தானாக அளந்து செலுத்தும் இயந்திரத்தையும் உருவாக்கியவர். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர் என்பதை அறுவை சிகிச்சைக்காரர்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

அறுவையின்போது கருவி எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸ் சகோதரிகளே, பிளாஸ்க்கில் சூடான சலைன் தயாராக வைத்து லென்சை அதில் நனைத்துத் தருவதால்தான் பனிமூட்டம் இல்லாமல் பார்க்க முடிகிறது. குளிர்ந்த லென்ஸ் ஈரமான வயிற்றுக்குள் போனதும் மங்கிவிடும். கழுவுகிற சலைனையும் உடம்புச் சூட்டில் வைத்துத் தருகிறீர்கள். புண் ஓட்டையில் நான்கைந்து லிட்டர் ஓடும். அது குளிர்ந்திருந்தால் ஆளே குளிர்ந்து, ரத்தம் உறைவது கெடும். குடல்வாலுக்குத் தலையைத் தாழ்த்தி இடப்பக்கம் சாய்ப்பது, பித்தப்பைக்கும் இரைப்பைக்கும் தலையை உயர்த்துவது, அதற்கு முன்பே பட்டையை இறுக்கிக் கட்டுவது எல்லாம் அரங்க உதவியாளர்கள் சொல்லாமலே செய்கிறார்கள். குடல் தன் பாரத்தால் விலகிக்கொண்டால் அதைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. வீங்கிய குடல் ஈரக் காகிதம். பிடித்த இடத்தில் கிழியும்.

மயக்க மருத்துவர்களுக்கு எங்கள் மரியாதை. வாயு ஏறி வயிற்று உறை விரியும்போது நாடித்துடிப்பு நாற்பதுக்கு இறங்குவதுண்டு. “காத்தை விடுங்க” என்று நீங்கள் சொன்னால் வால்வைத் திறப்போம், கேள்வி கேட்பதில்லை. நீங்கள் அட்ரோபின் 0.6 மில்லிகிராம் கொடுத்து, நாடி ஏறிய பிறகு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் மறுபடி தொடங்குவோம். வயிற்றுக்குள் வழக்கமான 12 மி.மீ. பாதரச வாயு அழுத்தம் தாங்காதவர்களுக்கு 8லேயே வேலையை முடிக்க வைத்ததும் நீங்கள்தான். சலைன் ஏற்றியும் ரத்த அழுத்தம் எழும்பாதவருக்கு லேப்ராஸ்கோப்பியே வேண்டாம் என்று தடுத்த இரவுகளுக்கு இன்னும் பெரிய நன்றி. துளை போட முடியும் என்பதற்காகப் போடக்கூடாது.

அதே காரணத்துக்காகக் குடும்பத்தாருக்கும் நன்றி. “தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்” என்ற வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டீர்கள். பித்தப்பையின் அடியில் எல்லாம் ஒட்டிக் கட்டியாகி, எது பித்தக்குழாய் என்று தெரியாதபோது மேலே வெட்டிக்கொண்டு போனால் வாழ்நாள் முழுக்கச் சீரழிவு. அங்கே திறப்பதோ, பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வருவதோ தோல்வியில்லை. காலி மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் பெரிய உபகாரம் செய்தீர்கள். வெறும் வயிற்றில் வாரக்கணக்கில் விழுங்கிய மூட்டுவலி மாத்திரைதான் புண்ணுக்குக் காரணம் என்று அந்த அட்டை சொல்லிவிடும். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய ஓட்டையென்றால், மூன்று கரையும் தையல் போட்டு, குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரையை மேலே வைத்து, அது கறுக்காத அளவுக்கு மென்மையாய் முடிச்சிடுவோம். அந்த மாத்திரையை மறுபடி விழுங்கினால் எந்த முடிச்சும் காப்பாற்றாது.

ராத்திரி ரத்தம் தந்தவர்களுக்கும், காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பதிந்து விடியும் முன் அனுமதி வாங்கித் தந்த பணியாளர்களுக்கும் வணக்கம்.

கடைசியாகக் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு. வீட்டுக்குப் போய் பேண்டேஜைப் பார்க்கிறீர்கள். தோள்பட்டை வலி மிச்ச வாயுவால்தான், ஓரிரு நாளில் போய்விடும் என்று பயத்தைத் தெளிவிக்கிறீர்கள். புண் ஓட்டைக்காரர் புண்ணுக்குக் காரணமாகும் ஹெச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான 14 நாள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒரு மாதம் கழித்துத் தொப்புள் துளையில் கட்டி தென்பட்டால், உள்ளூரில் கீறாமல் எங்களுக்கு அனுப்புங்கள்; சீழை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சல், விடாத வாந்தி, கண் மஞ்சள் இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
இரவுப் பணி அறுவை சிகிச்சைக் குழுவினர்,
சேலம்.