பிடரி வழித்த கடற்கரைக் குதிரை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடிக் கடற்கரையில் சிறுவர்களை ஏற்றி உலாவரும் குதிரையொன்றின் பிடரிமயிர், சென்ற வாரம் தோலோடு ஒட்ட வழிக்கப்பட்டிருந்தது. "இது போலோ வெட்டு ஐயா" என்றார் அதைப் பிடித்து நடத்திய தம்பி. போலோ ஆட்டத்தில் மட்டையும் கடிவாள வாரும் மயிரில் சிக்காதிருக்கப் பிடரியை வழிப்பது உண்மைதான். ஆயினும் கிட்டப் போய்ப் பார்த்தபோது, கழுத்தின் மேல்விளிம்பில் தோல் தடித்து மடிப்பு விழுந்து, பொருக்குக் கட்டி, ஓரிடத்தில் நீரும் கசிந்துகொண்டிருந்தது. வாலடியிலும் மயிர் உரசி முறிந்திருந்தது. துருவிக் கேட்டபின்தான், அரிப்புத் தாங்காமல் மரத்தில் தேய்த்தபடியே நின்றதால் வழித்துவிட்டதாகச் சொன்னார்.

நுளம்பிலும் மிகச் சிறிய கியூலிகொய்டிஸ் என்னும் பூச்சி கடிக்கும்போது, அதன் உமிழ்நீர் சில குதிரைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கி இந்த அரிப்பைத் தருகிறது. ஈரச் சேற்றில் பெருகி, விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் மொய்க்கும் இப்பூச்சிக்கு வாவியும் வயலும் சூழ்ந்த நம் ஊர் வாய்ப்பான இடம். பிடரிமயிர் கழுத்துக்கு இயற்கை இட்ட போர்வை. அதை வழிப்பது கடிபடும் இடத்தைத் திறந்துவிடுவதாகும். மருந்து பூசுவதற்காக வைத்தியர் கத்தரிப்பது வேறு. மாட்டுப் பட்டிக்குப் போடுவதுபோல மூடிய கொட்டிலில் புகை போடுவதும் குதிரையின் மூச்சுக்கு ஆகாது. மாலையிலும் விடியலிலும் உள்ளே கட்டி, மின்விசிறி ஒன்றைச் சுழலவிட்டால் காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லாத இப்பூச்சி நெருங்காது.

பராமரிப்பும் பெரிய வேலையன்று. கடலில் இறங்கிய குதிரையை நன்னீரால் அலச வேண்டும். சிக்கை முதலில் விரலால் பிரித்து, பிறகு நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சீப்பிட வேண்டும். எண்ணெயை வழியவிட்டால் மணல்தான் ஒட்டும். விழாவுக்குப் பின்னிய சடையை அன்றிரவே அவிழ்க்காமல் நாட்கணக்கில் இறுக்கி வைத்தால் மயிர் முறியும். கோயில் குதிரை வாகனத்தின் பிடரியைப் போல வர்ணம் பூசிவிட்டு மறக்கக்கூடியது அன்று இது.

கடற்கரைச் சவாரிக்கு அனுமதி வழங்குவோர் கால்நடை வைத்தியரின் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். பரிசோதனையும் சேணத்தைக் கழற்றி, பிடரியையும் வாலடியையும் விரலால் விலக்கிப் பார்த்துச் செய்யப்பட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.