சிறைக்கு அனுப்பும் சட்டங்களைக் குழுவில் வைத்துப் பாருங்கள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களை, அதாவது சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் மனுக்களை, நடத்தும் வழக்கறிஞர் நான். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் எந்தச் சட்டத்தையும் பேரவை உறுப்பினர்களின் குழுவுக்கு அனுப்பாமல் நிறைவேற்றாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

2025 ஜனவரி 10 அன்று, பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்கள் தாக்கலாயின. மறுநாளே நிறைவேறின. நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மரண தண்டனை வரை போகும் திருத்தத்தைப் பற்றி, மகளிர் நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர்களிடம் கருத்துக் கேட்க ஓர் இரவு போதுமா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதாவும் இப்படித்தான் அவசரமாக நிறைவேறியது. பத்தே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

குண்டர் சட்டத்துக்கு வருகிறேன். 1982இல் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய சட்டம் அது. அப்புறம் வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 2014இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. அதே ஆண்டில், ‘வழக்கமாகக் குற்றம் செய்பவர்’ என்ற நிபந்தனையும் போனது. முதல் வழக்கிலேயே ‘குண்டாஸ் போடலாம்’ என்றாகிவிட்டது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். காவல் உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடையாது. தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் நம் மாநிலம் திரும்பத் திரும்ப முதலிடத்தில் நிற்கிறது.

ஏன் அடைக்கிறோம் என்று காட்ட, அடைக்கப்பட்டவருக்குச் சிறையில் கொடுக்கப்படும் காகிதக் கட்டை நீங்கள் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன ரிமாண்ட் உத்தரவு, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆவணம். இதே காரணங்களுக்காக நீதிமன்றம் உத்தரவுகளை ரத்து செய்தபடியே இருக்கிறது. ரத்தாகும்போது பல மாதங்கள் உள்ளே கழிந்திருக்கும். அந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. எத்தனை பேரை அடைத்தார்கள், எத்தனை உத்தரவுகள் நின்றன, விழுந்தவை ஏன் விழுந்தன என்று கேட்கும் அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கிறது.

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கணக்குக் கேட்கின்றன. நல்ல வேலைதான். ஆனால் உள்துறை மசோதாவை வரிவரியாகப் படிக்க நிலையான குழு ஒன்று இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும்கூட நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழுவுக்குப் போய்த்தான் வந்தன. அவற்றில் மாநிலத் திருத்தங்களை ஆராய 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. அது அரசு அமைத்த குழு. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் பேரவைக் குழு வேறு.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன் விதிகள் குழுவைக் கூட்டி, உள்துறைக்கும் சட்டத்துறைக்கும் ஒரு நிலைக்குழு அமையுங்கள். அதன் முதல் வேலையாகக் குண்டர் சட்டத்தைக் கொடுங்கள். காவல் அதிகாரிகளையும் கூப்பிடுங்கள், உள்ளே இருந்து வந்தவர்களையும் கூப்பிடுங்கள். அழைத்தால் நானும் அந்தக் காகிதக் கட்டுகளோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்